பேர் சொல்லக் கூடாத மலை

உக்காருங்க தம்பி, சித்த நேரம் உக்காருங்க. இந்த மஞ்சுக்குள்ள போனீங்கன்னா உங்க காலு உங்களுக்கே தெரியாது. பாருங்க, மலையே காணோம். எங்கயும் போயிரலை, அங்கதான் இருக்குது. வெய்யில் ஏற ஏற மொதல்ல இடுப்பு தெரியும், அப்பறம் தோளு, கடைசியாத்தான் தலை. அதுவரைக்கும் ஒரு டீ குடிங்க. நாட்டுச்சக்கரை போட்டது. வெள்ளைச் சக்கரை நம்ம கடையில கெடையாது.

கடை ஏன் மலைக்கு முதுகைக் காட்டிட்டு இருக்குதுன்னு கேக்கறீங்களா? எல்லாரும்தான் கேக்கறாங்க. மலையைப் பாத்தாப்பல வாசல் இருந்தா நாலு பேரு உக்காந்து போட்டோ புடிப்பாங்களேங்கறாங்க. முன்னால அப்படித்தானுங்க இருந்துச்சு. போன தை முடிஞ்சதும் செவுத்தை இடிச்சு வாசலை ரோட்டுப் பக்கம் திருப்பிட்டேன். யாவாரம்னா ரோட்டைத்தானே பாக்கோணும். வேற ஒண்ணுமில்லை.

நீங்க மலைங்கறீங்க. எங்க ஊர்ல மலைன்னு சொல்ல மாட்டாங்க. பெரியாத்தா உக்காந்திருக்கறாங்கறதுதான் பேச்சு. இடுப்புக்கு மேல தோள்மேடு. தோள்மேட்டுக்கு மேல ஒத்தைப் பாறை, எண்ணெய் தேச்சு விட்டாப்பல வழுவழுன்னு இருக்கும். அது தலைப்பாறை. வருசத்துக்கு ஒருக்கா தை நோம்பிக்கு ஊரே செருப்பில்லாம ஏறும், தோள்மேடு வரைக்கும். அங்க நின்னு அண்ணாந்து பாத்துக் கும்புட்டுட்டு எறங்கிருவாங்க. தலைப்பாறையில ஒருத்தரும் காலு வெச்சதில்லை. பூசாரியும் வெச்சதில்லை. பெத்தவ தலைமேல எவனாச்சும் காலை வெப்பானான்னு கேப்பாங்க.

இன்னொண்ணும் இருக்குது. மலையில பேர் சொல்லக் கூடாது. யாரையும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. கூட வந்த ஆளைக் காணோம்னா 'ஓ'ன்னு ஒரு குரல் குடுக்கோணும். அவங்களும் பதிலுக்கு 'ஓ'ன்னுவாங்க. அவ்வளவுதான். அதையும் மீறிப் பேர் சொல்லி ஒரு குரல் வந்துச்சுன்னா அது மனுசக் குரல் இல்லைம்பாங்க. தெரிஞ்சவங்க குரலாட்டவே இருக்குமாம். அப்பன் குரலாட்ட, பொண்டாட்டி குரலாட்ட. பதில் குடுக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, அந்தக் குரலுக்கு எதிர்த்தாப்பல நடந்துரோணும். எங்கப்பன் எங்களுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தப்பவே இதையும் சொல்லிக் குடுத்துட்டாரு.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்லை. எனக்கும் சிரிப்புத்தான் வரும். நாலு வேனு வந்து எறங்குன எடத்துல 'ஓ'ன்னா யாரு யாரைக் கூப்புடறாங்கன்னு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல ஊருக்கு எட்டு வீடு. அப்பச் சரி.

யாரோ ஒரு புள்ளை தலைப்பாறை மேல நின்னு கையை விரிச்சுட்டு வீடியோ எடுத்துப் போட்டுச்சு. பின்னால மேகம், கீழ மேகம், நடுவால அந்தப் புள்ளை. நீங்களும் அதைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் வர்றாங்க. அந்த வருசம் நான் கடலைக்காட்டை ஓட்டவே இல்லை. அப்படியே நெரவி வண்டி நிறுத்த விட்டுட்டேன். ஊரு சும்மா இருக்குமா? ஆத்தாளை வித்துத் திங்கறான்னாங்க. நான் என்ன வித்தேன்? டீ வித்தேன். படுக்க எடம் குடுத்தேன். செருப்பைக் கழட்டிட்டு ஏறவும், ஆத்தாளுக்கு மரியாதை குடுக்கவும்னு பெரிய போர்டு எழுதி வெச்சது யாரு? ஊர்க்காரனா? நானுங்க, என் கைக்காசுல. தகரத்துல மஞ்சப் பெயிண்டு அடிச்சு. அதை ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஊரு வாயை மூட ஒலமூடி இருக்குதுங்களா?

பூசாரி யாருன்னு சொல்லலை பாருங்க. எங்க அண்ணன்தான் பூசாரி. கூடப் பொறந்த அண்ணன். பேரு சென்னியப்பன். இங்க சொல்லலாம், இது அடிவாரம், தப்பில்லை. ஆனா நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டதே கெடையாதுங்க. மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்புடற வழக்கம் எங்கள்ள எங்க இருக்குது? அண்ணான்னுதான் கூப்புடுவேன். ஊர்ல பூசாரிம்பாங்க. கட்டுன பொண்டாட்டி பேர் சொல்ல மாட்டா. அம்மாவும் அப்பனும் போனப்பறம் அந்தப் பேரைச் சொல்ல ஆளே இல்லைன்னு வெச்சுக்குங்களேன்.

அண்ணன் நெம்பப் பேசாது. பேசுனா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. ஒரு நாள் இந்த பெஞ்சுலதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல, வந்து உக்காந்துச்சு.

"வர்றவங்க வரட்டும்டா. வேண்டாங்கலை. தோளு வரைக்கும் வந்து கும்புடட்டும். தலைக்கு வேண்டாம்"ன்னுச்சு.

"அவங்க அத்தனை தூரத்துல இருந்து வர்றதே தலைக்குத்தாண்ணா"ன்னேன்.

"பெத்தவ தலையில ஏறி நின்னுதான் பல்லைக் காட்டோணுமா?"

"நாம வேண்டாம்னா மட்டும் நிக்கப் போறாங்களா? நம்மகிட்டச் சொல்லிட்டு ஏறுனா மரியாதையா ஏறுவாங்க"ன்னேன்.

அண்ணன் டீயைக் குடிக்காம எந்திரிச்சுப் போயிருச்சு. அன்னைக்கே போயி தோள்மேடு முடியற எடத்துல எலந்தை முள்ளை வெட்டிப் படல் கட்டுச்சு, ரெண்டு கையும் கீறி ரத்தம் வர வர. வர்றவங்க அதை எடுத்துப் போட்டுட்டு ஏறுவாங்க. அண்ணன் மறுபடியும் போயிக் கட்டும். இதே வேலை. பாக்கறதுக்கு எனக்குச் சங்கட்டமாத்தான் இருந்துச்சு. அண்ணனில்லையா? ஆனா வீம்புக்கு மருந்து ஏதுங்க?

டீ ஆறுது, குடிங்க.

ஐப்பசி மாசம். மழை விட்டு விட்டுப் பேஞ்சுட்டிருந்துச்சு. கோயமுத்தூர்ல ஏதோ கம்பெனியில வேலை பாக்கற புள்ளைங்க, ஒரு வேன்ல வந்துச்சுங்க. தங்கமான புள்ளைங்க. செருப்பைக் கழட்டி என் கடையிலயே வெச்சுட்டுத்தான் போச்சுங்க. போயிட்டு மொகத்தைத் தொங்கப் போட்டுட்டுத் திரும்பி வந்துச்சுங்க. மேல ஒரு பெரியவரு முள்ளைக் கட்டிட்டு நிக்கறாரு, விட மாட்டேங்கறாருன்னு. ரோஷன்னு ஒரு பையன், வெடவெடன்னு ஒல்லியா இருப்பான், என் கையைப் புடிச்சுக்கிட்டான். "அண்ணா, வேற வழியே இல்லையாண்ணா? இதுக்காக லீவு போட்டுட்டு வந்தோம்ணா"ன்னான்.

நான் என்ன சொன்னேன்? உள்ளதைச் சொன்னேன். "படலுக்கு எடது கைப்பக்கம் ஆட்டுத்தடம் ஒண்ணு இருக்குது, பாறைக்குப் பொறத்தால சுத்தி மேல ஏறும், ஆனா அதுல போயிராதீங்க"ன்னேன். போயிராதீங்கன்னு சொன்னேனுங்க. கடைசியா சொன்ன வார்த்தையைத்தானே பாக்கோணும்? அதைப் பின்னால ஊர்ப் பஞ்சாயத்துல சொன்னா ஒருத்தன் காதுலயும் ஏறலை.

மத்தியானம் அண்ணன் சோத்துக்கு எறங்குச்சு. இவங்க ஏறிட்டாங்க. சாயங்காலம் ஒரு பொண்ணு அழுதுட்டு ஓடி வருது, மிதுனான்னு பேரு. ரோஷன் தலைப்பாறை மேல ஏறிட்டான், மஞ்சு மூடிருச்சு, எறங்கத் தெரியலை, பாறை வழுக்குதுங்குது. ஏறும்போது ஒண்ணும் தெரியாதுங்க அந்தப் பாறையில. எறங்கும்போதுதான் தெரியும்.

அண்ணன் அடிவாரக் கோயில்ல வெளக்குக்குத் திரி போட்டுட்டிருந்துச்சு. சேதியைச் சொன்னேன். என்னை வைய்யும்னு நெனைச்சேன். திரியைக் கீழ வெச்சுட்டு, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சுருச்சு. நான் கைமைக்கை எடுத்துக்கிட்டுப் பின்னால ஓடுனேன். அந்தப் பேட்டரி மைக்கு, கூட்டம் சேர்ற அன்னைக்கு ஆளுங்களை எறக்கறதுக்கு நான் வாங்கி வெச்சிருந்தது.

படலுக்கிட்டப் போனதும் அண்ணன் நின்னுச்சு. படல் கட்டுனபடியே இருக்குது. எடது பக்கம் மட்டும் புல்லு மிதிபட்டுக் கெடக்குது. அதைப் பாத்துச்சு. என்னைப் பாக்கலை.

"இந்தத் தடத்தை இவங்களுக்கு யாருடா காட்டுனது?"

"நான் காட்டலைண்ணா"ன்னேன்.

பொய்யில்லையே? நான் காட்டலை. சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பறம் ஒண்ணு பண்ணுச்சுங்க அண்ணன். கீழ உக்காந்து, துண்டை எடுத்து, ரெண்டு உள்ளங்காலையும் தொடைச்சுச்சு. மண்ணு போக, சேறு போக, வெரல் சந்தெல்லாம், கொழந்தை மொகத்தைத் தொடைக்கறாப்பல மெதுவா. தொடைச்சுட்டு, பாறையில நெத்தியை வெச்சு, "ஆத்தா, ஒரு புள்ளையை எடுத்துட்டு வந்தர்றேன்"ன்னுச்சு. கண்ணுல தண்ணி. அம்பது வருசமா அண்ணாந்து பாத்துக் கும்புட்ட தலை. அதுமேல காலை வெச்சுச்சு. ரெண்டு எட்டு வெச்சது தெரிஞ்சுது. அப்பறம் மஞ்சு மூடிருச்சு.

நான் படலுக்கிட்டயே நின்னேன். ஒருத்தர் கீழ நிக்கோணுமில்லைங்களா?

கொஞ்ச நேரத்துல மேல இருந்து ஓன்னு குரல் வந்துச்சு. அண்ணன் குரல். நானும் ஓன்னேன். மறுபடியும் ஓ, இன்னும் கொஞ்சம் கிட்ட. நல்லா வந்துட்டிருக்குதுன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள அந்தப் புள்ளைங்க நான் கத்தறதைப் பாத்துட்டு அதுங்களும் ஓ ஓன்னு ஆரம்பிச்சுட்டுதுங்க. ஒண்ணு வலப்பக்கம் நின்னு 'ஓ'ங்குது, ஒண்ணு கீழ இருந்து 'ஓ'ங்குது, ஒண்ணு பாதி அழுகையில 'ஓ'ங்குது. மலை பூரா ஓ. எது அண்ணன், எது எதிரொலின்னு ஒண்ணும் வெளங்கலை.

அந்த நேரத்துலதான் ரோஷன் ஆட்டுத்தடத்துல சறுக்கிட்டே வந்து விழுந்தான். முட்டி பேந்திருச்சு, வேற ஒண்ணுமில்லை. "ஐயா என்னைப் புடிச்சு எறக்கி விட்டாருண்ணா. நீ மொதல்ல போ, நான் சத்தத்தை வெச்சுப் பின்னால வர்றேன்னாரு"ன்னான். ஆகக்கூடி, அண்ணனுக்கும் பக்கத்துல இருக்கறது தெரியலை. சத்தத்தை வெச்சுத்தான் வரோணும்.

அப்பத்தான் நான் மைக்கை எடுத்தேன். அண்ணான்னு கூப்புட்டா பிரயோசனம் இல்லை, பாருங்க. அந்தப் புள்ளைங்களுக்கு எல்லாருமே அண்ணாதான். நானும் அண்ணா, வேன் டிரைவரும் அண்ணா, வழியில ஆடு மேய்க்கறவனும் அண்ணா. அண்ணா அண்ணான்னு அதுங்க கத்திட்டேதான் இருந்துச்சுங்க. தெளிவா ஒரு ஆளைக் கூப்புடோணும்னா பேரைத்தானுங்க சொல்லோணும்? படிச்சவங்க நீங்க சொல்லுங்க. அதனால மைக்குல கூப்புட்டேன். "சென்னியப்பா! சென்னியப்பா! இங்க வா!"ன்னு.

மலை எதிரொலிச்சுச்சு. நாலா பக்கமும் சென்னியப்பா, சென்னியப்பான்னு. என் குரலாட்டவே இல்லை. எனக்கே என்னமோ போல ஆயிருச்சு.

புள்ளைங்க எல்லாம் வாயை மூடிட்டுதுங்க. நல்ல அமைதி. அந்த அமைதியில அண்ணன் ஓன்னா இங்க இருக்கற எறும்புக்குக்கூடக் கேட்டிருக்கும். 'ஓ'ங்கலை. அது வரைக்கும் ஓன்னுட்டு வந்த ஆளு, நான் கூப்புட்டதும் வாயை மூடிருச்சு. நான் மறுபடியும் கூப்புட்டேன். கல்லு உருள்ற சத்தம் கேட்டுச்சு. இங்கிட்டு வர்ற சத்தம் இல்லை, அக்கட்டால. வடக்குப் பக்கம், சரிவுப் பக்கம். போற சத்தம். வேகமாப் போற சத்தம். "அங்க போகாத! சென்னியப்பா, இங்க வா!"ன்னு தொண்டை கட்டற வரைக்கும் கூப்புட்டேன் தம்பி. நான் கூப்புடக் கூப்புட சத்தம் தூரமாப் போச்சு. அப்பறம் ஒரு பெரிய கல்லு உருண்டுச்சு. அப்பறம் அதுவும் இல்லை.

அவ்வளவு வீம்பு. என்மேல இருந்த கோவத்துல தம்பி குரலுக்கு ஒரு பதில் குடுக்காமப் போயிருச்சு. அந்தத் தடத்தைப் பத்திக் கேட்டுச்சில்ல, அந்தக் கோவம்.

ஊரு பூரா தேடுச்சு. போலீசு வந்துச்சு, தீயணைப்பு வண்டி வந்துச்சு. சரிவோரத்துல துண்டு மட்டும் கெடைச்சுது. கீழ காடு, எறங்கிப் பாக்க முடியாத காடு. ஆளு கெடைக்கலை.

எங்க நங்கையா, அண்ணன் சம்சாரத்தை நாங்க அப்படித்தான் கூப்புடுவோம், பேரு வேலாத்தா. அவங்க வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அழுகலை. "உங்கண்ணனைப் பேர் சொல்லிக் கூப்புட்டியா?"ன்னாங்க.

"மைக்குலயே கூப்புட்டேன் நங்கையா, ஊருக்கே கேட்டிருக்கும்"ன்னேன்.

அப்படியே கீழ உக்காந்துட்டாங்க. "அதுக்கு முன்னால ஒருக்காவாச்சும் உன் வாயில அந்தப் பேரு வந்திருக்குதா?"

"இல்லை."

"அப்பறம் கூப்புடறது யாருன்னுடா அந்த மனுசன் நெனைச்சிருக்கும்?"

இதென்னுங்க கேள்வி? பொறந்ததுல இருந்து கேட்ட குரலு. தம்பி குரல் அண்ணனுக்குத் தெரியாதா? துக்கத்துல பேசறாங்கன்னு விட்டுட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவங்க பூவும் பொட்டும் எடுக்கலை, என்கூடப் பேசறதும் இல்லை. ஊர்க்காரங்க அதுக்கு மேல. தை நோம்பிக்கு எனக்குத் திருநீறு குடுக்க மாட்டாங்களாம். வரிசையில நிக்கறேன், எனக்கு முன்னால நிக்கறவனுக்குக் குடுத்துட்டு, எனக்குப் பின்னால நிக்கறவனுக்குக் கையை நீட்டறான் புதுப் பூசாரி. புள்ளையைக் காப்பாத்தப் போன எடத்துல நடந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? மலையில ஏறுனவன் ஒருத்தன், மறிச்சவன் ஒருத்தன், கீழ நின்ன எனக்குப் பழி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

பாருங்க, இடுப்பு தெரியுது. இன்னும் சித்த நேரத்துல தோளும் தெரிஞ்சுரும்.

படலா? இல்லீங்க. அண்ணன் போனப்பறம் கட்ட ஆளில்லை. முள்ளெல்லாம் காஞ்சு உதுந்து போச்சு. இப்ப நேராவே ஏறலாம். கேட்டுக்குங்க, நான் ஏறச் சொல்லலை. ஏறலாம்னு சொன்னேன். செருப்பை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்க.

நான் வரலீங்க. முட்டி வலி. போன வருசத்துல இருந்து ஏறறதில்லை. நீங்க பயப்படாமப் போங்க. கூரைமேல பாத்தீங்கல்ல, கொழாய் ரேடியோ? கைமைக்குச் சத்தம் பத்தாதுன்னு கோயிலுக்குக் கட்டறாப்பல பெரிய கொழாயாவே கட்டிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள எறங்காத ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்புட்டா எந்த மூலையில இருந்தாலும் கேக்கும். எல்லாரும் வந்துருவாங்க தம்பி. இது வரைக்கும் நான் கூப்புட்டு வராதது ஒரே ஒரு ஆளுதான்.

உங்க பேரென்னுங்க? இனியனுங்களா. இனியன். நல்ல பேரு. கொழாயில கூப்புடச் சுளுவா வரும்.

மேல ஏதாச்சும் சத்தம் கேட்டா வந்து சொல்லுங்க. ஒண்ணுமில்லை, சும்மாத்தான். வர்றவங்க எல்லார்கிட்டயும் கேப்பேன். சில பேரு மஞ்சுக்குள்ள யாரோ 'ஓ'ங்கறாங்கம்பாங்க. அது பறவையா இருக்கும். மலையில இல்லாத பறவையா?

போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு, மெட்ராஸ் பொண்ணு. எறங்கி வந்து செருப்பை மாட்டிட்டே, "இங்க இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா? மேல யாரோ கூப்பிட்டுட்டே இருக்காங்க"ன்னு ஒரு பேரைச் சொல்லுச்சு. என் ரேஷன் கார்டுல இருக்கற பேரு இல்லைங்க அது. ஊர்க்காரனுக்கும் தெரியாது. நான் சின்னதா இருந்தப்ப ஆத்தாளுக்குப் படைக்க வெச்ச வெல்லத்தைத் திருடித் தின்னேன்னு அண்ணன் எனக்கு வெச்ச பேரு. அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்புடறது இந்த ஒலகத்துல ஒரே ஒரு வாய்தான்.

அப்படி யாரும் இங்க இல்லைம்மான்னுட்டேன்.

செவுத்தை எப்ப இடிச்சேன்னா கேக்கறீங்க? அதான் சொன்னேனே, தை முடிஞ்சு. இல்லை, இருங்க. போன மாசமா? ஞாபகம் இல்லைங்க. அதை விடுங்க. தோளு தெரிஞ்சுருச்சு பாருங்க, கெளம்புங்க. அப்பறம் வெய்யிலு சுடும்.

என்னுங்க? என் பேரா?

அதெதுக்குங்க இப்ப. எறங்கி வாங்க, சொல்றேன். மேல போற ஆளுக்குக் கீழ இருக்கறவன் பேரு எதுக்கு?